எரிந்த காகிதங்களைத் தேடி வடசென்னையில்

2025 ஜனவரி 7 அன்று மூண்ட ஈட்டன் காட்டுத்தீயில், லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து ஆல்டடீனாவிலும் சுற்றுவட்டாரத்திலும் 9,400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அதில் எங்கள் வீடும் உண்டு. பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், தண்டையார்பேட்டை வீட்டுப் பத்திரம் எல்லாம் பீரோவோடு போயின. அமெரிக்கக் காகிதங்களுக்கு அலைச்சல் இல்லை. பாசடீனாவில் ஒரு கல்லூரி வளாகத்தில் நிவாரண மையம் திறந்து பல துறைகளையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்திருந்தார்கள். சென்னைக் காகிதங்களுக்குத்தான் இந்தப் பயணம்.

பிறப்புச் சான்றுக்கு விமானம் ஏற வேண்டியதே இல்லை. நான் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்தவன். மாநகராட்சி இணையதளத்தில் விவரம் கொடுத்துத் தேடியதும் சான்று வந்துவிட்டது, காசே இல்லாமல்.

மதிப்பெண் பட்டியல் அப்படி இல்லை. தொலைந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றார்கள் பள்ளியில். காவல் நிலையம் போனேன். இளவயதுக் காவலர் ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். தொலைந்த இடம் என்ற கட்டத்தில் பேனா நின்றது. “ஆல்டடீனாவா? அது எந்த ஸ்டேஷன் லிமிட் சார்?” கலிபோர்னியா என்றேன். உள்ளே போய் ரைட்டரிடம் பேசிவிட்டு வந்தார். “இங்க எஃப்.ஐ.ஆர். போட வழியில்ல சார். அமெரிக்காவுல குடுத்த தீ விபத்துக் கடிதத்த வெச்சு நோட்டரிகிட்ட அஃபிடவிட் வாங்குங்க. ஸ்கூல்ல ஒத்துப்பாங்க.” இல்லை என்பதோடு நிறுத்தாமல் அடுத்து எங்கே போக வேண்டும் என்றும் சொன்னார் பாருங்கள், அதுவே பெரிய சேவை. பள்ளியில் ஒத்துக்கொண்டார்கள். முன்பெல்லாம் அஃபிடவிட்டுக்கு, அதாவது உறுதிமொழிப் பத்திரத்துக்கு, 20 ரூபாய் முத்திரைத் தாள் போதும். 2024 முதல் 200 ரூபாய்.

அந்த அஃபிடவிட்டை அடித்துக் கொடுத்தது தெருமுனை ஜெராக்ஸ் கடை அக்கா. விஷயத்தைச் சொன்னதும், “எங்க குடிசை எரிஞ்சப்போ ரேஷன் கார்டுதாண்ணா மொதல்ல போச்சு” என்றார். இப்போது வாரியக் குடியிருப்பில் இருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது தெருவில் பாதிப் பேர் சான்றிதழ்கள் ஊறிப்போய்க் கூழாகிவிட்டன. கட்டணமில்லாமல் நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்கள் நடத்தியது. அப்போது வரிசையாக மனு எழுதிக் கொடுத்தவர் இவர். எந்தக் காகிதத்துக்கு எந்தப் படிவம், எதோடு எதை இணைக்க வேண்டும் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடம். வீடு போனதற்கு அங்கே நண்பர்கள் நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள். ஆனால் “கேஸ் புக் என்னாச்சு, பேங்க் பாஸ்புக் என்னாச்சு” என்று ஒவ்வொன்றாகக் கேட்டது இவர்தான். எட்டு பக்க நகலுக்கு மட்டும் காசு வாங்கினார், தட்டச்சுக்கு வாங்கவே மாட்டேன் என்றுவிட்டார்.

பத்திர நகல்தான் இழுத்தது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றும் (சொத்தின் மீதான பதிவுகளின் பட்டியல்) சான்றிட்ட நகலும் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஓ.டி.பி. வர இந்திய எண் வேண்டும். அண்ணியின் எண்ணைக் கொடுத்தேன். அவர் காசிமேட்டில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஓ.டி.பி. வந்து காலாவதியும் ஆனது. அப்பா வாங்கிய காலத்துப் பத்திரம் என்பதால் பழைய பதிவேட்டைத் தேட நேரில் வரச் சொன்னார்கள். ஓர் அலுவலக வாசலில் நின்றவர், “ஃபாரின் பார்ட்டியா? நாளைக்கே எடுத்துத் தரேன்” என்று கேட்ட தொகைக்கு இங்கே ஒரு நல்ல பீரோவே வாங்கலாம். வேண்டாம் என்று வரிசையில் நின்றேன். ஆவண எண்ணும் ஆண்டும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. பழைய வில்லங்கச் சான்றில் இரண்டும் இருக்கும், அண்ணனிடம் ஒன்று இருந்தது. வீட்டை விற்கும் எண்ணம் இருந்தால் நகல் மட்டும் போதாது. அசல் காணாமல் போனதற்குக் காவல்துறைச் சான்றும் கேட்பார்கள். எங்களுக்கு அந்த எண்ணம் இல்லை, அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

நகல் கைக்கு வந்துவிட்டது. மதிப்பெண் பட்டியல் வர இன்னும் சில வாரங்கள் ஆகுமாம். அண்ணன் வாங்கி அனுப்புவார்.