எடைக் குறைப்பு மருந்துகள்: செமாக்ளூடைட், டிர்செபடைட், ஆர்லிஸ்டாட் – எது யாருக்கு?

எடையைக் குறைக்க மருந்து உண்டா என்று கேட்டால் இன்று இந்தியாவில் முதலில் அடிபடும் பெயர்கள் மூன்று. வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் செமாக்ளூடைட் ஊசி (வீகோவி), அதே கணக்கில் போடும் டிர்செபடைட் ஊசி (மவுஞ்சாரோ), சாப்பாட்டோடு விழுங்கும் ஆர்லிஸ்டாட் மாத்திரை. மவுஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இங்கே விற்பனைக்கு வந்தன. ஆர்லிஸ்டாட்டுக்கு அமெரிக்கா 1999-லேயே ஒப்புதல் கொடுத்துவிட்டது. மூன்றில் எது அதிகம் குறைக்கும் என்பதற்கு விடை தெளிவாகவே இருக்கிறது. அந்த ஒரு விடையை வைத்துக்கொண்டு மருந்தைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

முதலில் அந்த விடை. இரண்டு ஊசிகளையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு 2025-இல் வெளியானது. சர்க்கரை நோய் இல்லாத 751 பேர், 72 வாரங்கள். டிர்செபடைட் எடுத்தவர்கள் சராசரியாக 20.2 சதவீதமும் செமாக்ளூடைட் எடுத்தவர்கள் 13.7 சதவீதமும் இளைத்தார்கள். 90 கிலோ உள்ளவருக்கு ஒன்றில் 18 கிலோ, மற்றதில் 12 கிலோ. ஆய்வுக்குப் பணம் போட்டது டிர்செபடைட்டைத் தயாரிக்கும் நிறுவனம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனால் தனித்தனியாக நடந்த பழைய ஆய்வுகளும் ஏறக்குறைய இதையேதான் காட்டின. காரணமும் புரிகிறது. செமாக்ளூடைட், சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல நடித்துப் பசியை அடக்குகிறது. டிர்செபடைட் அதோடு ஜிஐபி என்ற இன்னொரு ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த எண்கள் அப்படியே பலிப்பதில்லை. அவர்களை மட்டும் வைத்து நடத்திய ஆய்வுகளில் செமாக்ளூடைட் சுமார் 9.6 சதவீதம், டிர்செபடைட் உச்ச அளவில் சுமார் 14.7 சதவீதம்தான் குறைத்தன. வீட்டுக்கு ஒருவர் சர்க்கரை மாத்திரை விழுங்கும் நம் ஊரில், விளம்பரத்தில் வரும் 20 சதவீதத்தை நம்பிப் பணம் கட்டுபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

தராசில் டிர்செபடைட் ஜெயிக்கிறது, சரி. ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர் அல்லது ஸ்டென்ட் வைத்தவர் என்றால் நான் செமாக்ளூடைட் பக்கம்தான் சாய்வேன். இதய நோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் ஆகியவற்றின் ஆபத்தை அது 20 சதவீதம் குறைத்தது. 2023-இல் வந்த அந்த முடிவுக்குப் பிறகுதான் இந்த மருந்துகளை அழகுச் சமாச்சாரம் என்று ஒதுக்கிய இதய மருத்துவர்கள் பலரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய் இருப்பவருக்குக் கணக்கு மாறும். அதற்கென்று அமெரிக்க ஒப்புதல் பெற்றிருப்பது டிர்செபடைட்.

ஆர்லிஸ்டாட்டை இவற்றோடு ஒரே வரிசையில் வைப்பதே கொஞ்சம் அநியாயம். அது பசியைத் தொடுவதில்லை. சாப்பிட்ட கொழுப்பில் சுமார் 30 சதவீதத்தைச் செரிக்கவிடாமல் வெளியே தள்ளுகிறது. நாலு வருடம் நடந்த பெரிய ஆய்வில் அது குறைத்தது 5.8 கிலோ, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்கள் 3 கிலோ குறைந்தார்கள். பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு இதைப் போட்டுக்கொண்டால் எண்ணெய் வேறு வழியாக, சில சமயம் சொல்லாமலே வந்துவிடும். நம் எடைக்குப் பெரும் காரணம் சோறும் இட்லியும் தோசையும் என்றால் மாவுச்சத்தைத் தொடாத இந்த மாத்திரை என்ன செய்துவிடும்? ஊசி ஒத்துக்கொள்ளாதவருக்கு, எண்ணெய்ப் பண்டத்தில்தான் பிரச்சினை என்று உறுதியாகத் தெரிந்தவருக்கு மட்டும் இது பொருந்தும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் குறையும் என்பதால் வைட்டமின் மாத்திரையை இரவில் தனியாகப் போட வேண்டும். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை.

இனி ஊசிகளின் பாதுகாப்பு. இங்கேதான் பலரும் வழுக்குகிறார்கள். செமாக்ளூடைட்டை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படியாக 0.5, 1, 1.7 என்று ஏறி 2.4-க்கு வர வேண்டும். டிர்செபடைட் 2.5-இல் தொடங்கி 5, அதன்பின் தேவைப்பட்டால் 15 வரை. முதல் மாதம் எடை இறங்கவில்லையே என்று படியைத் தாண்டிக் குதித்தால் குமட்டலும் வாந்தியும் ஆளைப் படுக்கவைத்துவிடும். முதல் படி வயிற்றைப் பழக்குவதற்கு. எடை குறைப்பதற்கு அல்ல. மருந்துக்கடையே கலந்து தயாரித்துக் குப்பியில் விற்ற செமாக்ளூடைட்டைச் சிரிஞ்சில் தாங்களே அளந்த சிலர், மில்லிகிராமையும் சிரிஞ்சின் யூனிட் கோட்டையும் குழப்பிக்கொண்டு 5 முதல் 20 மடங்கு வரை ஏற்றிக்கொண்டதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024-இல் எச்சரித்தது. முதல் ஊசியை மருத்துவர் அல்லது நர்ஸ் முன்னிலையில் போட்டுப் பழகுங்கள்.

நம் ஊரில் மிகவும் கவனிக்க வேண்டியது கிளிமெபிரைடு. சர்க்கரைக்கு அதையோ இன்சுலினையோ எடுப்பவர் இந்த ஊசியையும் சேர்த்தால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம். வழக்கமாகப் பழைய மருந்தின் அளவை மருத்துவர் குறைப்பார். ஊசியை வேறொரு கிளினிக்கில் எழுதி வாங்கியவருக்கு அதைக் குறைக்க யாரும் இருப்பதில்லை. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு டிர்செபடைட்டில் தனி எச்சரிக்கை உண்டு: தொடங்கியதும், ஒவ்வொரு முறை அளவு கூட்டியதும், நான்கு வாரங்களுக்கு வேறு பாதுகாப்பும் வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் செமாக்ளூடைட்டை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி என்ற அரிய வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் இரண்டு ஊசியுமே கூடாது. விடாத கடும் வயிற்று வலி வந்தால் கணையமோ பித்தப்பையோ பாதிக்கப்பட்டிருக்கலாம். அடுத்த ஊசியைப் போடாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அறுவை சிகிச்சை இருந்தால் மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும், வயிறு மெதுவாகக் காலியாகும் என்பதால்.

குறைவது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். பசியே இல்லாமல் இரண்டு இட்லியோடு நாளை ஓட்டுபவர் முட்டை, பருப்பு, மீன், சுண்டல் என்று புரதத்தைத் தேடிச் சாப்பிடாவிட்டால் இளைத்த உடம்பில் மாடிப்படி ஏறத் தெம்பு இருக்காது.

அடுத்தது விலை. தொடக்கத்தில் மவுஞ்சாரோ 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். மாதம் நான்கு குப்பி வேண்டியிருந்தது. செமாக்ளூடைட்டின் இந்தியக் காப்புரிமைக்கு ஆயுள் 2026 மார்ச் வரைதான் என்பதால் விலையில் அதற்குத்தான் சாதகம். இதைப் பெரிய விஷயமாக நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. செமாக்ளூடைட்டை நிறுத்தியவர்கள் ஒரே ஆண்டில் குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். டிர்செபடைட்டிலும் நிறுத்தினால் எடை ஏறவே செய்கிறது. ஆறு மாதத்துக்கு மட்டும் கட்டுப்படியாகும் 20 சதவீதத்தைவிட, ஆண்டுக்கணக்கில் தொடர முடிகிற 13 சதவீதமே மேல்.

ஊசியைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள், ஃப்ரீசரை ஒட்டாமல் வையுங்கள். உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டியதுதான். வெளியே 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் மவுஞ்சாரோ குப்பி 21 நாள் தாங்கும். மே மாதச் சென்னையில் விசிறி ஓடும் அறைகூட அந்த 30 டிகிரியைத் தாண்டிவிடும். கூரியரில் வந்த பெட்டிக்குள் ஐஸ் பை உருகிச் சூடாகிக் கிடந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.