வெட்டரிவாளா, குக்ரியா, மஷெட்டியா?

வேலியோரம் சீமைக்கருவேலம், வாய்க்கால் கரையில் கோரை, அடுப்புக்குக் காய்ந்த விறகு. இந்த மூன்றையும் ஒரே கத்தியால் வெட்டிவிடலாம் என்று நம்பித்தான் பலர் கடைக்குப் போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். மூன்று கத்திகளையும் தோட்டத்தில் மாற்றி மாற்றிப் பிடித்த பிறகு ஒன்று தெளிவாகிவிட்டது: முதலில் பார்க்க வேண்டியது நீளத்தை அல்ல, வாய்க்கு எதிர்ப்பக்கமான முதுகின் தடிப்பை.

மஷெட்டி என்பது நீண்ட, மெல்லிய தகட்டுக் கத்தி. அதன் தகடு ஏறக்குறைய 2 மி.மீ. தான். பிரேசிலின் டிராமொன்டினா நிறுவனம் செய்யும் மரப்பிடி போட்ட 18 அங்குல மஷெட்டி நல்ல எடுத்துக்காட்டு. எடையை நம்பாமல் வேகத்தை நம்பி வெட்டுகிற கருவி இது. கோரை, கொடி, வாழை, கரும்பு என்று பச்சையாக இருப்பது எதுவானாலும் மணிக்கட்டைச் சுழற்றினாலே விழுந்துவிடும். அரை நாள் வீசினாலும் தோள் வலிக்காது. எஃகு மிகக் கடினமாக இல்லாததால் சாதாரண அரத்தாலேயே வாயைத் தீட்டிக்கொள்ளலாம். ஆனால் காய்ந்த கருவேலங்கட்டையில் போட்டால் தகடு அதிர்கிறது, அந்த அதிர்வு முழங்கை வரை ஏறுகிறது. விறகுக்கு இதை வாங்க வேண்டாம்.

விறகுக்கு, நேபாளத்தின் வளைந்த கத்தியான குக்ரிதான். கிழக்கு நேபாளத்தின் போஜ்பூர், தரான் பகுதிக் கொல்லர்கள் பெரும்பாலும் லாரியின் வில்பட்டையிலிருந்து இதை அடிக்கிறார்கள். முதுகு 8 முதல் 10 மி.மீ., வாய் 10 அல்லது 11 அங்குலம். வளைவுக்கு அப்பால் அகன்று எடை முன்னால் சாய்வதால், கையிலிருந்து இறங்கும்போதே பாதி வேலையை அதுவே செய்துவிடுகிறது. பழுத்த இரும்பை முழுவதுமாக நீரில் அமிழ்த்தாமல், கெண்டியிலிருந்து வாயின்மீது மட்டும் நீர் ஊற்றித் தோய்ச்சல் கொடுப்பது அவர்களுடைய வழக்கம். வாய் கடினமாகிறது, முதுகு மென்மையாகவே இருந்து அடியின் அதிர்ச்சியைத் தாங்குகிறது. இந்தக் கைத்திறனை எத்தனை பாராட்டினாலும் தகும்.

அதன் குறை, நீளம் போதாமல் எட்டாததுதான். முள்மரத்தை வெட்டும்போது கை முள்ளுக்கு மிக அருகில் போகிறது. புல் வெட்டவோ அது வீண் சுமை. சட்டத்தையும் நினைவில் வைக்க வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதங்களாக வகைப்படுத்தும் இந்திய ஆயுத விதிகள், குக்ரியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. வீடு, வேளாண்மை, தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு.

முகாமில் கட்டை பிளக்க அமெரிக்காவின் கே-பார் பெக்கர் பி.கே.9 போன்ற கத்திகளைச் சொல்வார்கள். 9 அங்குல வாய், சுமார் 4.8 மி.மீ. முதுகு, பிடியின் கடைசி வரை ஓடும் எஃகு. முதுகில் தடியால் அடித்துப் பிளந்தாலும் தாங்கும். முள்வேலிக்கு இதுவும் குட்டைதான்.

வேலி வேலைக்கு நான் கை நீட்டுவது வெட்டரிவாளுக்கு. வளைந்த மூக்கால் கிளையை இழுத்துப் பிடித்து வெட்டலாம். உடம்பு முள்ளுக்கு வெளியே நிற்கும். மஷெட்டியைவிடக் கனம், குக்ரியைவிட நீளம். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி இதற்குப் பேர்போன ஊர். ஆனால் தரம் பட்டறைக்குப் பட்டறை மாறும். நான் முதலில் வாங்கிய அரிவாள் ஒரே வாரத்தில் வாயில் பல் பல்லாக உதிர்ந்தது. தோய்ச்சல் மிகுந்துவிட்டதுதான் காரணம். பக்கத்து ஊர்க் கொல்லர் அதைக் காய்ச்சி அடித்து, மறுபடி பதம் போட்டுக் கொடுத்தார். இன்றும் அதுதான் என் வேலிக் கத்தி. தொலைவிலிருந்து தருவிக்கும் கத்திக்கு இந்த வசதி கிடைக்காது.

வாங்கும்போது சிறு அரத்தை வாயில் ஓட்டிப் பாருங்கள். கண்ணாடியில் ஓட்டியதுபோல் வழுக்கினால் உதிரும். மண்போல் அராவிக்கொண்டு வந்தால் மடங்கும். லேசாகப் பற்றினால் எடுத்துக்கொள்ளலாம். பிடியைப் பிடித்து முறுக்கியும் பாருங்கள். பூண் சற்றே அசைந்தாலும் அந்தக் கத்தியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். வீச்சின் நடுவில் பிடி கழன்றால், வாய் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.