ஊர்தலா, ஏற்றமா, சவாரியா?

கொடைக்கானல் ஏரிக்கரையில் குதிரைக்காரர் நம்மிடம் கேட்பது ‘சவாரி வர்றீங்களா?’ என்றுதான். 2023 ஆசிய விளையாட்டில் இந்தியக் குழு தங்கம் வென்றபோது செய்தியில் வந்தது ‘குதிரையேற்றம்’. குறுந்தொகையின் 17ஆம் பாட்டிலோ ‘மாவென மடலும் ஊர்ப’, அதாவது பனைமடலையும் குதிரை என்று ஊர்வார்கள் என்று இருக்கிறது. மூன்று சொல்லும் ஒன்றைத்தான் சொல்கின்றன என்று வெகுநாள் நினைத்திருந்தேன். வேர்களைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

ஏற்றம் எளிது. ஏறுவதுதான் ஏற்றம். குதிரைமேல் போகும் முழுச் செயலுக்கும் அதன் முதல் கணத்தின் பெயரையே வைத்துவிட்டோம். கால் வைக்க அங்கவடி இல்லாமல் அவ்வளவு உயர முதுகை அடைவதே ஒரு வித்தைதான். அதனாலோ என்னவோ, வில்வித்தை, வாள்வீச்சு, யானையேற்றம் என்று பயிற்சிகளை அடுக்கும்போது இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஊர்தல் அப்படியல்ல. ஒன்றின்மேல் இருந்தபடி நகர்ந்து செல்வது அது. திறமை வேண்டும் என்றுகூட இல்லை. குறளில் சிவிகையில், அதாவது பல்லக்கில், உட்கார்ந்து போகிறவனும் ‘ஊர்ந்தான்’தான்; பாடுபடுவது அதைச் சுமந்தவன். இந்த இரண்டு சொல்லும் எங்கே பிரிகின்றன என்பதை நாணுத்துறவுரைத்தல் அதிகாரத்தில் பார்க்கலாம். 1133ஆம் குறளில் ‘காமுற்றார் ஏறும் மடல்’, 1136இல் ‘மடலூர்தல் யாமத்தும் உள்ளுவேன்’. காதல் கைகூடாதவன் அதை ஊரறியச் செய்யப் பனைமடல் குதிரையில் ஏறிப் போவதுதான் மடல். பனைமடலால் செய்த குதிரை தானாக நகராது, பிறர்தான் இழுக்க வேண்டும். நாணத்தை விட்டு அதில் ஏறத் துணிவது ஒரு நொடி. ஊரார் பார்க்கத் தெருத்தெருவாகப் போவது நீண்ட நேரம். நடுராத்திரியிலும் அவன் நினைத்துக்கொண்டிருப்பது அந்த நீண்ட நேரத்தை என்றே நான் வாசிக்கிறேன். இப்படிப்பட்ட சொல்லை எறும்புக்கும் பாம்புக்கும் விட்டுக்கொடுத்துவிட்டோமே என்று வருத்தமாக இருக்கிறது. ‘குதிரை ஊர்ந்தான்’ என்று இன்று எழுதினால் படிப்பவர் மனதில் தவழ்தல்தான் வரும். நல்லவேளை, ஊர்தி பிழைத்தது. புறநானூற்றின் கடவுள் வாழ்த்தில் சிவனுடைய காளைக்கு ஊர்தி என்று பெயர். குடியரசு நாள் அணிவகுப்பில் அலங்கார வண்டிக்கும் அதே பெயர்.

சவாரிதான் வெகுதூரம் பயணம் செய்த சொல். உருது வழியாக நம்மிடம் வந்தது, மூலம் பாரசீகம். பழம்பாரசீகத்தில் ‘அசபார’. ‘அச’ என்றால் குதிரை, வடமொழி அசுவத்தின் உடன்பிறப்பு. ‘பார’ என்பது சுமத்தல். நாம் மூட்டைக்குச் சொல்லும் பாரமும் வடமொழி வழியாக அதே வேரிலிருந்து வந்ததுதான். ஆக, சவாரி செய்பவன் குதிரையால் சுமக்கப்படுகிறவன். சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட பாரசீகப் பேரரசர் தாரயவசு (டேரியஸ்), தான் நல்ல குதிரைவீரன் என்று இந்தச் சொல்லாலேயே ஈரானில் உள்ள நக்‌ஷ்-எ-ருஸ்தம் கல்லறைப் பாறையில் பொறித்திருக்கிறார். போகப்போக முன்னால் இருந்த அகரம் உதிர்ந்து ‘சவார்’ ஆனது. ஆங்கிலேயர் காலத்து இந்தியக் குதிரைப்படையில் சிப்பாயின் பெயரும் அதுவே.

அப்புறம் சொல்லிலிருந்து குதிரையே இறங்கிவிட்டது. மைசூர் தசராவின் ஜம்பு சவாரியில் அம்பாரி சுமப்பது யானை. யாழ்ப்பாணத்தில் மாட்டுவண்டிப் பந்தயத்துக்குச் சவாரி என்று பெயர். ‘காலையிலேர்ந்து ரெண்டு சவாரிதான்’ என்று ஆட்டோக்காரர் எண்ணிச் சொல்கிறார். ஏற்றத்தை அப்படி எண்ண முடியாது.

பிறமொழிச் சொல் என்பதற்காகச் சவாரியை விலக்கிவிட்டு எல்லா இடத்திலும் ஏற்றம் என்று எழுதச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. கடிவாளம் பிடிக்கவும் சேணத்தில் நிமிர்ந்து உட்காரவும் கற்றுத்தரும் இடம் ‘குதிரையேற்றப் பயிற்சி’ என்றே பலகை வைக்கட்டும். ஏரிக்கரையில் குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்து நடக்க, மேலே ஒரு குழந்தை சும்மா உட்கார்ந்து போகிறதே, அது ஏற்றம் இல்லை. அந்தக் குழந்தையைக் குதிரை சுமக்கிறது. அது சவாரி.