அடுக்கு இல்லாத லூவியன் எழுத்து: நாலு வருடம் தட்டச்சிட்ட பிறகு

மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க் போய், புதிதாக மாற்றிக்கொண்டு வந்து லூவியன் எழுத்தில் தட்டி வைத்திருந்த பழைய குறிப்புகளைத் திறந்தால் பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக நின்றது. லூவியன், இன்றைய துருக்கியான அனத்தோலியாவின் பழங்காலப் பட எழுத்து. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் தரும் யூனிகோடு தரத்தில் அதன் பெயர் அனத்தோலியன் ஹைரோகிளிஃப்ஸ். நோட்டோ சான்ஸ் அனத்தோலியன் ஹைரோகிளிஃப்ஸ் எழுத்துருவை மறுபடி நிறுவியதும் எல்லாம் உயிர்பெற்றுவிட்டன. ஒரு குறிகூடத் தொலையவில்லை. "படமாக வெட்டி ஒட்டிக்கொள்ளலாமே, எதற்கு இந்த யூனிகோடு?" என்று போன வாரம் கேட்ட நண்பருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

2015-இல் யூனிகோடு 8.0-உடன் இந்த எழுத்தின் 583 குறிகள் வந்தது தெரிந்த கதை. நான் எதிர்பாராத வரம், அவற்றின் பெயர். ஒலிப்பைத் தொடாமல் 1960-இல் பிரெஞ்சு ஆய்வாளர் லரோஷ் வெளியிட்ட குறிப்பட்டியலின் எண்களையே பெயராக வைத்துவிட்டார்கள். 376-ஆம் குறியை ஒரு காலத்தில் 'இ' என்று படித்தார்கள். அது 'ஸி' என்று 1970களில் ஹாக்கின்ஸ், மார்புர்கோ டேவிஸ், நொய்மன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் காட்டினார்கள். பழைய நூலில் ஓர் ஒலிபெயர்ப்பு, புதியதில் இன்னொன்று. நான் குறியையே தட்டி வைத்திருப்பதால் இரண்டிலிருந்தும் எடுத்தவை ஒரே தேடலில் வந்து விழுகின்றன.

ஆனால் அடுக்கு! கல்லில் குறிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டும் மூன்றுமாய் நிற்கும். ஏர் திரும்புவதுபோல வரி வலமிருந்து போய் இடமிருந்து திரும்பும். உருவங்கள் வரி தொடங்கும் பக்கம் பார்த்திருக்கும். கணினியில் எல்லாம் இடமிருந்து வலமாக ஒரே நீட்டு வரிசை. திசையை மாற்றினால் வரிசை திரும்புகிறது, முகம் திரும்புவதில்லை. துருக்கி-சிரியா எல்லையிலுள்ள பழைய நகரமான கர்கமிஷின் கல்வெட்டு ஒன்றின் ஒரே ஒரு வரியோடு ஓர் இரவு முழுக்க மல்லுக்கட்டி விட்டுவிட்டேன். எகிப்திய எழுத்தை அடுக்குவதற்கென்றே 2019-இல் யூனிகோடு 12.0 தனிக் குறிகளைத் தந்தது. லூவியன் என்ன பாவம் செய்தது?

படிக்கும் வரிசையைக் காப்பதுதான் யூனிகோடின் வேலை, கல்லின் தோற்றத்தை அல்ல. நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

தெற்குத் துருக்கியின் கராத்தேபேயில் அஸதிவதா என்ற பழங்கால ஆட்சியாளன் தன் கல்வெட்டை 'நான்' என்று தொடங்குகிறான். தன்னையே கைகாட்டும் மனித உருவம் அது. யூனிகோடு பட்டியலிலும் அதுதான் முதல் குறி, ஏ001. அதை முதன்முதலில் தட்டித் திரையில் பார்த்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

இருந்தாலும் நண்பரே, இப்போதைக்குப் படத்தையே ஒட்டிக்கொள்ளுங்கள். அடுக்கு வரும்வரை இதை இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.