பேஸ் கிட்டார் பதிவு: நேர் லைனா, ஆம்ப் முன்னால் மைக்கா?

கும்பகோணத்தில் நாங்கள் பதிவு செய்யும் மாடி அறை 10 அடிக்கு 12 அடி. டிரம்ஸ், கீபோர்டு, ஒரு கிட்டார், ஒரு பேஸ், கூடவே தவில். இத்தனை பேர் நடுவில் பேஸ் காணாமலும் போகக் கூடாது, மற்றவர்களை அமுக்கவும் கூடாது. பேஸை நேராகப் பதிவுக் கருவிக்குள் விடுவது, ஆம்பில் (ஸ்பீக்கரோடு வரும் ஆம்ப்ளிஃபயர்) வாசித்து அதன் முன்னால் மைக் வைப்பது என இரண்டு வழியிலும் மாற்றி மாற்றிப் பதிவு செய்து பார்த்துவிட்டேன். என் ஓட்டு நேர் லைனுக்குத்தான். ஆம்பை அடியோடு விட்டுவிடவும் மனசு வரவில்லை.

நேர் லைன் என்றால் கிட்டாரிலிருந்து டிஐ பாக்ஸ் (சிக்னலைப் பதிவுக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி), அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு ஒலியைக் கொண்டுபோகும் இன்டர்ஃபேஸ். அறையின் சத்தம் ஒரு துளி கூட உள்ளே வராது. தனியாகப் போட்டுக் கேட்டால் வறட்சியாக இருக்கும். புதிதாக வாசிக்க வருகிற பையன்கள் முகம் சுளிப்பார்கள். பாட்டோடு சேர்த்துக் கேட்கச் சொல்வேன். அமெரிக்காவின் மோடவுன் கம்பெனிப் பாட்டுகளில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் இப்படி நேராக மிக்ஸிங் கன்சோலுக்குள் போனதுதான். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரெஷன் 4:1, அது பிடிக்க எடுக்கும் நேரமான அட்டாக் 30 மில்லி செகண்ட் அளவு, 4 டெசிபெல் வரை அமுங்கினால் போதும்; விரலின் முதல் தட்டு தப்பித்து வெளியே வந்துவிடும்.

ஆம்புக்கு வருவோம். ஸ்பீக்கர் கூம்பு காற்றைத் தள்ளும்போது வருகிற அந்தத் தடிமன் லைனில் கிடைக்காது, உண்மை. ஆனால் சின்ன அறையில் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். 10 அடி இடைவெளியில் எதிரெதிரே நிற்கும் சுவர்கள் 56 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைத் தேக்கும். பேஸின் திறந்த ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். எங்கள் அறையில் ஏ வாசித்தால் ஜன்னல் கதவு அதிரும். அடுத்த ஸ்வரத்துக்குப் போனால் பாதி சத்தம் இருக்காது. மைக்கை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்தால் குறையும், முழுக்கப் போகாது. போதாக்குறைக்கு கரண்ட். எர்த் சரியில்லாத வீட்டில் வாடகை ஆம்ப் 50 ஹெர்ட்ஸில் முனகிக்கொண்டே இருக்கும். ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் இருக்கும் ஜி 49 ஹெர்ட்ஸ். முனகலை ஃபில்டரில் வெட்டினால் ஸ்வரமும் சேர்ந்து போகும். டிஐ பாக்ஸில் ஒலிவயரின் எர்த் தொடர்பைப் பிரித்து முனகலைக் குறைக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் எத்தனையோ நாள் என்னைக் காப்பாற்றியிருக்கிறது.

இரண்டையும் ஒன்றாகப் பதிந்தால்? செய்யலாம், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது. மைக்கை ஸ்பீக்கரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்தால் ஒலி வந்து சேர ஏறக்குறைய 0.9 மில்லி செகண்ட் ஆகிறது. லைனோடு கூட்டும்போது 560 ஹெர்ட்ஸ் பக்கம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். விரல் தெளிவு இருக்கிற வட்டாரமே அதுதான். ஒருமுறை இது புரியாமல் ஒரு ராத்திரி முழுக்க ஈக்யூவை (ஹெர்ட்ஸ் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது) திருகினேன். விடியற்காலை திரையைப் பெரிதாக்கி இரண்டு அலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மைக் ட்ராக்கை ஒரு மயிரிழை முன்னால் இழுத்ததும் பேஸ் எழுந்து உட்கார்ந்தது.

பிக் (மீட்டும் சின்னத் துண்டு) வைத்து வாசிப்பதா விரலாலா என்பது பாட்டைப் பொறுத்தது. கம்பி விஷயத்தில்தான் என் பிடிவாதம். உருண்டை இழை சுற்றிய புது ரவுண்ட்வவுண்ட் கம்பியின் கிளிக் சத்தம் 2, 3 கிலோஹெர்ட்ஸில் பளிச்சென்று இருக்கும். தனி கிட்டார் கச்சேரிக்கு அழகு. தவிலில் கூடு மாட்டிய விரல்கள் வலப்பக்கத் தோலான வலந்தலையில் விழும்போது அதே இடத்தில்தான் வெட்டும். இரண்டும் சேர்ந்தால் காது கூசும். அதனால் பழகிய கம்பி அல்லது தட்டை இழை சுற்றிய ஃப்ளாட்வவுண்ட்.

கீழ்ப்பக்கச் சண்டை இன்னொன்று. எங்கள் தவில்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "தம்பி, உங்க கிட்டாரும் என் தொப்பியும் ஒரே திண்ணையில உக்காந்திருக்கு, ஒருத்தர் எழுந்திரிங்க" என்றார். சொன்னது அப்படியே உண்மை. தவிலின் இடப்பக்கத் தோலான தொப்பியின் குச்சி அடி எங்கள் பதிவில் 100 ஹெர்ட்ஸை ஒட்டித் தடித்து நின்றது. பேஸில் அங்கே 3 டெசிபெல் குறைத்தேன், 60, 70 பக்கம் தொடவில்லை, 800 ஹெர்ட்ஸில் கொஞ்சம் ஏற்றினேன். இருவருக்கும் இடம் கிடைத்தது.

ஊரில் பாதிப் பேர் பாட்டை செல்போன் ஸ்பீக்கரில்தான் கேட்கிறார்கள். அதில் 55 ஹெர்ட்ஸ் வரவே வராது. அதன் மேல்சுரங்களான 165, 220, 275 கேட்டால் காது அடிஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆம்பின் லேசான கரகரப்பு உதவுவது இங்கேதான். இப்போது அறைக்குள் ஆம்பே கொண்டுவருவதில்லை. லைன் ட்ராக்கை இன்னொரு பிரதி எடுத்து ஆம்ப் மென்பொருள் வழியே விட்டு, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, சுத்தமான லைனை விட 8 டெசிபெல் தாழ வைக்கிறேன். மென்பொருளும் சிறிது தாமதம் சேர்க்கும், அதனால் இங்கேயும் அலைகளைச் சரிபார்த்துவிடுவேன். நாதஸ்வரம் சேருகிற சரணத்தில் மட்டும் அந்தப் பிரதியை 2 டெசிபெல் உயர்த்திவிடுவேன்.