கிராஃபீனா, நானோ குழாயா? வாயு சென்சாருக்கு நான் குழாயைத் தேர்ந்தெடுத்த கதை

நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்க, பேட்டரியில் ஓடும் சின்ன சென்சார் ஒன்று வேண்டியிருந்தது. கிராஃபீன் (ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்), ஒடுக்கப்பட்ட, அதாவது ஆக்சிஜனில் பெரும்பகுதி நீக்கப்பட்ட, கிராஃபீன் ஆக்சைடு (ஆய்வகத்தில் ஆர்ஜிஓ என்போம்), ஒற்றைச் சுவர் கார்பன் நானோ குழாய் (அந்தத் தாளைச் சுருட்டியதுபோன்ற குழாய்) ஆகிய மூன்றையும் ஒரே மாதிரியான தங்க மின்முனைகள் மேல் வைத்து மாதக்கணக்கில் சோதித்தேன். கடைசியில் குழாயில் வந்து நின்றேன்.

கார்பன் எதற்கு, வழக்கமான டின் ஆக்சைடு சென்சார் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு வரி: 1962-ல் ஜப்பானியர் டகுச்சி அதன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த காலத்திலிருந்து அது நன்றாகத்தான் உழைக்கிறது, ஆனால் பொதுவாக 200 முதல் 400 டிகிரி வரை சூடாகவே இருக்க வேண்டும். பேட்டரி தாங்காது. கார்பன் அறை வெப்பநிலையிலேயே வேலை செய்யும்.

உணரும் திறனை வைத்து மூன்றையும் தரம் பிரிக்க முடியாது. காற்றில் இருக்கும் கார்பன், ஆக்சிஜனாலும் ஈரத்தாலும் ஏற்கெனவே எலக்ட்ரான் இழந்து பி-வகையாகத்தான் நடந்துகொள்கிறது, அதாவது எலக்ட்ரான் போன காலியிடங்கள்தான் மின்சாரத்தைக் கடத்துகின்றன. நைட்ரஜன் டை ஆக்சைடு வந்து ஒட்டினால் இன்னும் கொஞ்சம் எலக்ட்ரானைப் பிடுங்கும், மின்தடை இறங்கும். அம்மோனியா எலக்ட்ரானைக் கொடுக்கும், மின்தடை ஏறும். மூன்றிலும் இதே கதைதான். மான்செஸ்டர் குழு 2007-ல் கிராஃபீனில் ஒற்றை மூலக்கூறு வந்து ஒட்டுவதையே அளந்து காட்டியது. ஆனாலும் அந்தப் புகழை நம்பிக் கிராஃபீன் பக்கம் சாய வேண்டாம். செப்புத் தகட்டில் வளர்த்த கிராஃபீனை மாற்றி ஒட்டும்போது மேலே பாலிமர் கறை தங்கிவிடும். மின்முனை அமைக்கும்போதும் இதேபோன்ற கறை தங்கும். 2009-ல் ஒரு குழு அப்படிப்பட்ட கறையைச் சுத்தமாக நீக்கிப் பார்த்தபோது, அதுவரை கிராஃபீனின் திறன் என்று நினைத்ததில் பெரும்பகுதி காணாமல் போனது. வாயுவைச் சேர்த்துப் பிடித்துக் கொடுத்தது அந்தக் கறைதான்.

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்த கேள்வி வேறு. பிடித்த வாயுவைச் சென்சார் விடுகிறதா?

நானோ குழாய் வாயுவை உணரும் என்று காட்டிய 2000-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. 200 பிபிஎம் (பத்து லட்சத்தில் 200 பங்கு) நைட்ரஜன் டை ஆக்சைடுக்குச் சில நொடிகளில் பதில் வந்தது. பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 12 மணி நேரம் ஆனது. நானும் ஒரு மாலை வாயுவை நிறுத்தி, உலர் காற்றைத் திறந்துவிட்டுக் கிளம்பினேன். காலையில் வந்து பார்த்தால், திரையில் மின்தடைக் கோடு பேஸ்லைனை (வாயு படாதபோது இருந்த அளவை) நோக்கி இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. அந்த நிலையிலேயே அதே அளவு வாயுவை மறுபடி செலுத்தினேன். இறக்கம் முதல் தடவையில் பாதிகூட வரவில்லை. இடமெல்லாம் பழைய மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டிருந்தால் புதியவை எங்கே போய் ஒட்டும்? வாயு குறைந்துவிட்டதாகச் சென்சார் சொல்கிறது, உண்மையில் குறையவில்லை. பாதுகாப்புக்காக வைக்கும் கருவியில் இது ஆபத்தான பொய்.

ஆக, ஒட்டியதை உதறிவிட வழி வேண்டும். சூடு அல்லது புற ஊதா ஒளி, இரண்டில் ஒன்று. ஆர்ஜிஓ தோற்றது இங்கேதான். அதில் வாயு இறுகப் பிடிப்பது குறைபாடுகளிலும், மிச்சமிருக்கும் ஆக்சிஜன் தொகுதிகளிலும். விடுவிக்கச் சூடாக்கினால் அந்தத் தொகுதிகளும் சேர்ந்து கழன்று, பொருள் மேலும் ஒடுக்கப்படுகிறது. புற ஊதா ஒளியும் அதையே செய்யும். ஒவ்வொரு சுத்தப்படுத்தலுக்குப் பிறகும் கையில் இருப்பது வேறொரு சென்சார். நேற்றைய அளவுத்திருத்தம் இன்றைக்கு உதவாது. கிராஃபீன் அந்த அளவுக்கு மாறாது. ஆனால் சிலிக்கா மேல் கிடக்கும் கிராஃபீனைச் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டால் முன்னைவிட அதிகமாகப் பி-வகைக்குச் சாய்ந்துவிடுகிறது. பேஸ்லைன் நகர்ந்துவிடும்.

குழாயின் சுவரில் தொலைக்க அப்படிப்பட்ட ஆக்சிஜன் தொகுதிகள் அதிகம் இல்லை. சீப்புப் பற்கள்போலக் கோத்த மின்முனைகள் மேல் குழாய்களைப் பரப்பி, புற ஊதா ஒளியால் மீட்சியை வேகப்படுத்தலாம் என்று நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையக் குழு 2003-லேயே காட்டியிருந்தது. நான் சென்சாருக்கு மேலே ஒரு புற ஊதா எல்இடி பொருத்தினேன். சில நிமிடங்களில் கோடு மேலே ஏறுகிறது. முழுதாக ஏறுவதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மிக இறுக்கமான இடங்கள் முதல் இரண்டு மூன்று சுழற்சிகளில் நிரம்பி, நிரம்பியபடியே இருந்துவிடுகின்றன என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்குத் திரும்புகிறது. எனக்கு அது போதும். ஒரே இடத்துக்குத் திரும்பும் சென்சாரைத்தான் அளவுத்திருத்தம் செய்ய முடியும்.

குழாயிலும் தொல்லை உண்டு. வாங்கும் தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உலோகத் தன்மை கொண்டது, அது வாயுவுக்குச் சரியாக அசையாது. டைமெத்தில் ஃபார்மமைடில் கலக்கி ஒலியலையால் பிரித்துச் சொட்டு வைத்தால், காயும்போது குழாய்கள் ஓரத்துக்கு ஓடிக் கறுப்பு வளையமாகப் படியும், நடுவில் ஒன்றும் இருக்காது. தளத்தை இளஞ்சூடாக வைத்து, மெல்லிய சொட்டுகளாகப் பலமுறை வைத்துத்தான் சமாளித்தேன். அப்படியும் இரண்டு சென்சார்களின் மின்தடை ஒத்துப்போவதில்லை, ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளவுத்திருத்தம் செய்தாக வேண்டும். தயாரிப்பில் ஆர்ஜிஓ எவ்வளவோ மேல்: கிராஃபைட்டை ஆக்சைடாக்கும், 1958-ல் வந்த ஹம்மர்ஸ் முறை, தண்ணீரில் கரைசல், சீரான படலம். ஆனால் அருகில் குனிந்து மூச்சு விட்டாலே அதன் அளவீடு குதிக்கும். குழாயும் ஈரத்துக்கு அசையும் என்பதால் பக்கத்தில் ஓர் ஈரப்பத சென்சார் வைத்துக் கழித்துக்கொள்கிறேன்.

இதெல்லாம் நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு. அம்மோனியா அவ்வளவு இறுகப் பிடிக்காது, அங்கே ஆர்ஜிஓவுக்கும் குழாய்க்கும் இடைவெளி குறையும். ஹைட்ரஜனுக்குக் குழாய் மேல் பல்லேடியம் பூச வேண்டும். அதைச் சில நாள்தான் செய்தேன், என் சொல்லை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். மீத்தேனுக்கு வெறும் கார்பனை நம்ப வேண்டாம். என் சென்சார்கள் ஓடியது ஆறு மாதம்தான், அதற்கு மேல் உத்தரவாதம் தர மாட்டேன்.

இந்த வகைச் சென்சாரை யாராவது உங்களிடம் காட்டினால், முதல் தடவை வாயு பட்டபோது வந்த வரைபடத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பத்தாவது தடவையின் வரைபடத்தைக் கேளுங்கள்.