ராத்திரி இரண்டு மணிக்கும் அடுப்பு எரிகிற வீடு

வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு பழைய இரண்டு மாடி வீடு. சி.எம்.சி. ஆஸ்பத்திரி மெயின் கேட்டிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் கால் மணி நேரம் ஆகும். பதினோரு அறைகள். பெரிய நோய் வந்த குழந்தைகளின் குடும்பங்களுக்கு மட்டும்தான் இடம், நன்கொடையில்தான் நடக்கிறது. 2019 மாசியில் என் மகளோடு அங்கே போய்ச் சேர்ந்தேன், ஆவணியில் கிளம்பினேன். அப்போது அவளுக்கு ஆறு வயது. லாட்ஜைப் பற்றியும் ஹோட்டலைப் பற்றியும் நிறையப் பேர் எழுதுகிறார்கள். இந்த மாதிரி வீட்டைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை. வீட்டின் பெயரை இங்கே போடவில்லை. பெயரைப் பார்த்து நேராக வந்து கேட்டால் அறை கிடைக்காது. வார்டில் இருக்கும் சோஷியல் வொர்க்கர் எழுதிக் கொடுக்கிற சீட்டோடுதான் போக வேண்டும்.

அவளுக்கு வந்தது ரத்தப் புற்றுநோய். ஏ.எல்.எல். என்பார்கள், குழந்தைகளுக்கு வருகிற புற்றுநோய்களில் இதுதான் அதிகம். முதல் ஆறேழு மாதம் கீமோ என்கிற கடுமையான மருந்து. அப்புறம் மாத்திரையும் ஊசியுமாக இரண்டு, இரண்டரை வருடம் போகும்.

எங்கள் ஊர் போளூர் பக்கம். வேலூருக்கு பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். “இவ்ளோ கிட்ட இருக்கிறவளுக்கு ரூம் எதுக்கும்மா, போய்ட்டுப் போய்ட்டு வரலாமே” என்று என் மாமியார் கேட்டார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கீமோ ஏறிய பிறகு குழந்தையின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிடும். அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் அடித்தால், விடியட்டும் பார்க்கலாம் என்று படுக்க முடியாது. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய் நரம்பில் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும். எங்கள் ஊரிலிருந்து முதல் பஸ்ஸே விடியற்காலை ஐந்தே காலுக்குத்தான்.

இந்த வீடு கிடைக்கும் முன் பதினாறு நாள் ஒரு லாட்ஜில் இருந்தோம். காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கமெல்லாம் லாட்ஜ்கள்தான். பெங்காலியில் போர்டு, வாடகைக்கு அடுப்பு, பாத்திரம் எல்லாம் உண்டு. வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாமிலிருந்து வருகிற ஜனங்களுக்கு அவைதான் புகலிடம், எல்லாவற்றையும் ஒரே மாதிரி குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கு வாய்த்ததில் எட்டு அறைக்கு இரண்டு கக்கூஸ். நாள் வாடகை 450. பதினாறு நாளில் 7,200 ரூபாய், என் கம்மலை அடகு வைத்த பணத்தில் பாதி அதிலேயே போயிற்று. காப்பீட்டு அட்டையெல்லாம் ஆஸ்பத்திரிக்கு உள்ளே ஆகும் செலவுக்குத்தான். வெளியே தலை சாய்க்கிற இடத்துக்கு அதில் வழி கிடையாது.

அந்த லாட்ஜில் ராத்திரி பத்து மணிக்கு மேல் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. இந்தக் குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். முதல் மாதத்தில் கீமோவோடு ஸ்டீராய்டு மாத்திரை கொடுப்பார்கள். அது தருகிற பசி சாதாரணப் பசி இல்லை. ராத்திரி ஒன்றரைக்கு எழுந்து உட்கார்ந்து சாதம் கேட்பாள். சாயங்காலம் வடித்து வைத்த சோற்றைக் கொடுக்கக் கூடாது, கடையில் வாங்கியதும் கூடாது, அப்போது சமைத்ததாக இருக்க வேண்டும். அவள் அழ, நான் அவள் வாயைப் பொத்த, பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டுவார். குழந்தையின் வாயைப் பொத்திய அந்தக் கையை நினைத்தால் எனக்கு இன்றும் தாங்கவில்லை.

இந்த வீட்டுக்குப் போன முதல் ராத்திரி, இரண்டு மணி இருக்கும், அவள் எழுந்துவிட்டாள். பயந்துகொண்டே கீழே இறங்கினேன். சமையல் கட்டில் விளக்கு எரிந்தது. ஜார்க்கண்டில் தன்பாத்திலிருந்து வந்த ஒரு அக்கா உருளைக்கிழங்கு வதக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் “ஆவோ தீதி”, வாங்க அக்கா என்று பக்கத்து அடுப்பைப் பற்றவைத்துக் கொடுத்தார். ஆறு அடுப்பு, குடும்பத்துக்கு ஒரு குக்கர், பெயர் எழுதிய அலமாரி. ராத்திரி பூட்டுவதே இல்லை. அந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன்.

அந்த அக்காவின் பையனுக்குத் தலசீமியா என்ற பிறவி ரத்த நோய். சி.எம்.சி-யில் 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்கிறார்கள், அதற்காகத்தான் வந்திருந்தார்கள். மாற்றிய பிறகும் நூறு நாளாவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இந்த மாதிரி நோய்களுக்குச் சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு ரயிலில் கட்டணச் சலுகை உண்டு, அதனால் வந்துவிடலாம். வந்த பிறகு இருக்கிற நாட்கள்தான் கஷ்டம். கடுகெண்ணெய் வாசனை எனக்குக் குமட்டும், என் புளிக்குழம்பு அவருக்குத் தும்மல் வரும். ஒரு மாதத்தில் இரண்டும் பழகிவிட்டது. எனக்குத் தெரிந்த இந்தி எல்லாம் அந்த அடுப்படியில் கற்றதுதான்.

ஒருநாள் என் மகள் கேழ்வரகுக் கூழ் கேட்டாள். புளித்த கூழ் அவளுக்கு ஆகாது. மோர், பச்சை வெங்காயம் எல்லாம் அப்போது தள்ளி வைக்கச் சொல்லியிருந்தார்கள். சரி என்று சுடச்சுடக் களி கிண்டி, இலவம்பாடி முள்ளு கத்தரிக்காயை வாங்கி வந்து கடைந்து கொடுத்தேன். நான்கு நாளாக வாய்ப்புண்ணோடு இருந்தவள் இரண்டு உருண்டை விழுங்கினாள். லாட்ஜ் அறையில் இதைச் செய்திருக்க முடியாது.

அறை சின்னது. கட்டில் ஒன்று, தரையில் பாய் போட இடம், அறைக்குள்ளேயே கழிவறை. வேறு யாரும் அதைப் பயன்படுத்தாதது இந்தக் குழந்தைகளுக்கு ரொம்ப முக்கியம். தினமும் ஃபினாயில் போட்டுத் துடைக்கிற ஆயா வந்துவிடுவார். காய்ச்சின தண்ணீர் எந்நேரமும் இருக்கும். படிக்கட்டுக்கு அடியில் ஆட்டோ அண்ணன்கள் மூன்று பேரின் நம்பரை பெயின்ட்டில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு தடவை நடுராத்திரியில் காய்ச்சல் வந்தது. இரண்டு தடவையும் இருபது நிமிடத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருந்தோம்.

குறைகளும் உண்டு. லிஃப்ட் கிடையாது. ஒரு மருந்தால் குழந்தைகளுக்குக் கால் நரம்பு வலிக்கும், நடை தளரும். எங்கள் அறை இரண்டாவது மாடி, ஏழு மாதமும் இடுப்பில் தூக்கித்தான் ஏறினேன். குழந்தையோடு ஒருவர்தான் தங்கலாம் என்பது விதி. என் வீட்டுக்காரர் சனிக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டில் படுத்துவிட்டு ஞாயிறு போவார். மூன்று வயது மகனை உள்ளே விடவே மாட்டார்கள். கிருமிக்குப் பயந்து போட்ட விதி, நியாயம்தான். ஆனாலும் வாசலில் ஒரு திண்ணையாவது கூரை போட்டு, அப்பாக்களும் மற்ற பிள்ளைகளும் உட்கார இடம் செய்திருக்கலாம். கம்பிக் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்று அக்காவைப் பார்த்து அவன் கையாட்டியது எனக்கு மறக்காது. இன்வெர்ட்டர் சமையல் கட்டுக்கும் மாடிப்படிக்கும்தான் வரும். வேலூர் அக்னி நட்சத்திரத்தில் கரன்ட் போனால் அறைக்குள் குழந்தை துவண்டுவிடும்.

இப்போது பணத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு மாதமும் வரவு செலவை ஒரு தாளில் எழுதி முன் அறையில் ஒட்டுவார்கள், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நான் இருந்த வருடம் ஓர் அறைக்கு ஒரு நாள் செலவு 380 ரூபாய். குடும்பம் தர வேண்டியது 40, அதுவும் முடிந்தால். மீதி 340. பதினோரு அறைக்கும் சேர்த்து மாதம் ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வெளியிலிருந்து வர வேண்டும். அந்தத் தாளைப் படித்துப் படித்துத்தான் எனக்கு ஒன்று புரிந்தது. மின்விசிறி கொடுத்தவர்கள் இருந்தார்கள், கட்டில் கொடுத்தவர்கள் இருந்தார்கள், சாமி படமே ஐந்து வந்திருந்தது. கரன்ட் பில், சிலிண்டர், செப்டிக் டேங்க் சுத்தம் செய்த கூலி, ஆயாவின் சம்பளம் ஆகிய நான்குக்கும் நேராக ஒரு பெயரும் இல்லை. என் மகளைக் காப்பாற்றியதில் அந்த நான்குக்கும் பங்கு இருக்கிறது.

போளூரிலிருந்து வேலூருக்கு வரும் பஸ் ஆரணி ரோட்டில் ஷெல் கண் ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் வரும். நியூயார்க்கில் ஒரு வங்கிக்காரர் இறந்துபோன மனைவியின் நினைவாகக் கொடுத்த பத்தாயிரம் டாலரில், ஐடா ஸ்கடர் அம்மா 1902-இல் அதைத் திறந்தார். சி.எம்.சி-யை ஒரே கட்டிலோடு 1900-இல் தொடங்கியவர் அவர். அந்தக் கொடை இல்லாமல் இந்த ஊர் இன்றைய வேலூராக ஆகியிருக்காது. பெயர் வைத்துக் கட்டடம் கொடுப்பதை நான் குறைவாகச் சொல்லவில்லை. கட்டிய பிறகு அதற்குள் தினமும் உலை வைக்கவும் ஒருவர் வேண்டும் என்கிறேன்.

நாங்கள் கிளம்பிய அடுத்த வருடம் ஊரடங்கு வந்தது. கல்யாண நாள், பிறந்த நாள் என்று வருகிற பணம் நின்றுவிட்டது, தங்கியிருந்தவர்கள் ஊர் திரும்ப வழியில்லை. 2020 மே மாதம் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயில் விடும் வரை அங்கேயே கிடந்தார்கள். மேனேஜர் அண்ணனுக்குப் போன் செய்தபோது, “சிலிண்டருக்குத்தான்மா பார்க்கிறோம்” என்றார். நான் தையல்காரி. மாஸ்க் தைத்துப் பத்து ரூபாய்க்கு விற்றேன், துணிக் காசு போக மீதியை அனுப்பினேன். மூன்று சிலிண்டருக்கு வந்தது.

பெரிய அளவில் கேட்டது 2022 வைகாசியில். பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தது. எங்கள் பக்கத்துக் கூத்தில் யாராவது ஐம்பது, நூறு கொடுத்தால் கூத்தை நடத்திச் சொல்கிற கட்டியங்காரர் ஆட்டத்தை நிறுத்தி, ஊர் பெயர், தகப்பன் பெயர் சொல்லி வாழ்த்துவார். அந்தக் கூத்து வாத்தியாரிடம் போய், ஒரு ராத்திரி இந்த வீட்டுக்காகக் கேட்டுத் தர முடியுமா என்றேன். கர்ணன் சாகிற ராத்திரியில் கேட்கிறேன் என்றார். “ஒரு குழந்தைக்கு ஒரு ராத்திரி அடுப்பு எரிய முந்நூத்தி நாப்பது” என்று அவர் மைக்கில் சொன்னதும் கூட்டத்தில் ஆட்கள் எழுந்தார்கள். விடியும்போது 8,640 ரூபாயும் மூன்று மூட்டை மல்லாட்டையும் (நிலக்கடலை) சேர்ந்திருந்தது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் 1974-இல் இப்படித்தான் நோயாளிக் குழந்தைகளின் குடும்பங்கள் தங்க முதல் ரொனால்ட் மெக்டொனால்ட் வீடு வந்தது. என் மகளைப் போலவே ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தையின் அப்பா ஒரு விளையாட்டு வீரர். அவருடைய அணி பணம் திரட்டியது, மெக்டொனால்ட் கடைகளில் பச்சை மில்க் ஷேக் விற்று லாபத்தைக் கொடுத்தார்கள். அவர்களுக்கு மில்க் ஷேக், எங்களுக்குக் கூத்து.

அந்த ராத்திரி ஒருவர், “பாப்பாவை மேடை ஏத்தும்மா, இன்னும் விழும்” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் ஏற்றவில்லை. அந்த வீட்டிலும் அப்படித்தான், முடி கொட்டிய குழந்தையின் படம் போட்டுப் பணம் கேட்க மாட்டார்கள். அதனால் பணம் குறைவாக வரலாம். என் மகள் இப்போது ஏழாம் வகுப்பு படிக்கிறாள், அவள் படம் எங்கேயும் சுற்றவில்லை. அவர்களுக்கு இதற்காகவே பெரிய நன்றி.

கொடுக்க நினைப்பவர்களுக்குச் சிலது. இப்படிப்பட்ட வீடுகள் வேறு ஊர்களிலும் உண்டு, மும்பையில் 2006-இல் தொடங்கிய செயின்ட் ஜூட்ஸ் மாதிரி. உங்கள் ஊர் பெரிய ஆஸ்பத்திரியின் சோஷியல் வொர்க்கரைக் கேட்டால் சொல்வார்கள். கொடுக்கும்போது “நடைமுறைச் செலவுக்கு” என்று எழுதிக் கொடுங்கள். மொத்தமாகப் பெரிய தொகையைவிட மாதாமாதம் ஒரே தொகை வருவதுதான் அவர்களுக்கு உதவி, அடுத்த மாத சிலிண்டரை நம்பி எடுக்கலாம். 80-ஜி என்று சொல்கிற வரிச் சலுகை ரசீதைக் கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச் சலுகை கிடையாது, பேங்க் வழியாகப் போடுங்கள். புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை. எங்கள் ஊரில் கொடுத்த யாரும் ரசீது கேட்கவில்லை. நான்தான் எழுதி வாங்கி வந்து கோயிலில் ஒட்டினேன்.

பழைய துணி, மெத்தென்ற பொம்மை, பூ, வெட்டிய பழம், சமைத்த சாப்பாடு வேண்டாம். குழந்தைகளுக்கு ஆகாது, திருப்பிக் கொடுக்க அவர்களுக்கும் சங்கடம். அரிசி, பருப்பு, பிரிக்காத எண்ணெய் பாக்கெட், டெட்டால், புது படுக்கை விரிப்பு கொடுக்கலாம். பதினொன்றிலிருந்து நான்குக்குள் போங்கள், அதற்கு முன் எல்லோரும் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள். சளி, இருமல் இருந்தால் அன்று போகாதீர்கள். செருப்பை வெளியே விட்டு, வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு மணியை அடியுங்கள். ஆயா வந்து திறப்பார், திறக்கக் கொஞ்சம் நேரம் ஆகும்.